இசேயிலிருந்து இசேக்கு ஒரு சுற்றுலா

ஹிசாயோ ஆசைப்பட்டது ரைஸ் குக்கருக்கு. நகோயாவில் மகள் சினாட்சு குடியிருக்கும் பக்கத்துக் கடைவீதியில் இலையுதிர்காலக் குலுக்கல் நடந்துகொண்டிருந்தது. சாமான் வாங்கியவர்களுக்குச் சீட்டு கொடுத்தார்கள். சீட்டைக் கொடுத்துவிட்டு மரப்பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினால் ஓட்டை வழியாக ஒரு குண்டு விழும். சிவப்புக் குண்டு விழுந்தால் ரைஸ் குக்கர்.

"அம்மா, நீ சுத்து. எனக்கு எப்பவும் டிஷ்யூ பாக்கெட்தான் விழும்" என்றாள் சினாட்சு.

ஹிசாயோ கண்ணை மூடிக்கொண்டு சுற்றினாள். விழுந்தது நீலக் குண்டு. திருவிழாச் சட்டை போட்ட ஆள் ஒருவன் கைமணியை எடுத்து, தீப்பிடித்த மாதிரி ஆட்டத் தொடங்கினான்.

"இரண்டாம் பரிசு! இரண்டாம் பரிசு! புனித நகரம் இசேக்கு ஒரு நாள் சொகுசு பஸ் சுற்றுலா! மதியச் சாப்பாடும் உண்டு!"

வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். "கொடுத்து வெச்சவங்க" என்றாள் ஒருத்தி.

"நான் இசேக்காரிங்க" என்றாள் ஹிசாயோ. மணிச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. மணி நின்றபிறகு மறுபடி சொல்லி, இதற்குப் பதில் ரைஸ் குக்கர் தரமுடியுமா என்று கேட்டாள். அந்த ஆள் அவளைப் பரிதாபமாகப் பார்த்து, "அது மூணாம் பரிசும்மா. ரெண்டாவது வந்தவங்க மூணாவது கேக்கக்கூடாது" என்றான். சினாட்சு சிரித்துச் சிரித்து நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்தேவிட்டாள்.

ஐம்பத்தொன்பது வயதில் ஹிசாயோ அந்தப் பரிசைத் தூக்கி எறிந்திருக்கலாம். வேறு யாருக்காவது கொடுத்திருக்கலாம். ஆனால் ஓசியில் வந்ததை விடுகிற கை அவளுக்கு வாய்க்கவில்லை. அதோடு இன்னொன்றும் இருந்தது. இசேயில் பிறந்து, இசேயிலேயே வாழ்க்கைப்பட்டு, வெளிக் கோவிலுக்குப் பின்தெருவில் புருஷன் தமோட்சுவோடு உதோன் நூடுல்ஸ் கடை வைத்திருப்பவள் அவள். நாடே திரண்டு வந்து சாமி கும்பிட்டுவிட்டு அவள் கடைக்குப் பசியோடு வரும். புத்தாண்டுக்கு ஊரே கோவிலில் நிற்கும்போது அவள் அடுப்படியில் நிற்பாள். தேர் ஓடுகிற தெருவில் குடியிருப்பவளுக்குத் தேரின் பின்பக்கம்தான் தெரியும் என்பார்களே, அந்தக் கதை. கொடி பிடித்த வழிகாட்டியின் பின்னால், தோளில் பையும் வாயில் மிட்டாயுமாக, எதற்கும் அவசரமில்லாமல் நடந்துபோகிற பெண்களைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு உள்ளூர ஒரு பொறாமை.

"சினாட்சுவுக்கு உடம்பு சரியில்லையாம். வியாழக்கிழமை போய்ப் பாத்துட்டு வரேன்" என்றாள் புருஷனிடம்.

வியாழக்கிழமை கடைக்கு விடுமுறை. "தாராளமாப் போய்ட்டு வா" என்றார் தமோட்சு, கொஞ்சம் அதிகமாகவே சந்தோஷப்பட்டு. "நான் வழக்கம்போல மீன் பிடிக்கப் போறேன்."

ஆக, அந்த வியாழக்கிழமை ஹிசாயோ முதல் ரயிலைப் பிடித்து நகோயாவுக்குப் போனாள், இசேக்கு பஸ் ஏற.

ஊரில் யாருக்கும் தெரிந்துவிடக்கூடாதே என்று மகளின் கறுப்புக் கண்ணாடி, அகலமான தொப்பி, மூக்குக்கு மேல்வரை முகமூடி. கண்ணாடியில் தன்னைப் பார்த்தபோது அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. பேச்சுதான் பிரச்சினை. நகோயாக்காரர்கள் பேசினால் வாக்கியக் கடைசியில் பூனை எட்டிப்பார்க்கும். "ம்யா" என்று ஒரு இழுப்பு. ஹிசாயோ ரயிலில் வரும்போது வாய்க்குள் பழகிக்கொண்டு வந்தாள். எதிரே உட்கார்ந்திருந்தவர் இடம் மாறி உட்கார்ந்தார்.

பஸ்ஸில் பக்கத்து இருக்கை மிசுனோ என்ற அம்மாளுக்கு. எழுபதைத் தாண்டியவர், புருஷன் போய்ச் சேர்ந்தபிறகு சுற்றுலாவே உத்தியோகமாகிவிட்டவர். மடியில் ஒரு பை நிறைய ஆரஞ்சு.

"முதல் தடவையா இசேக்கு?" என்று கேட்டு, உரித்த ஆரஞ்சை நீட்டினார்.

"ஆமாம்... ம்யா" என்றாள் ஹிசாயோ.

மிசுனோ அம்மாள் ஒரு கணம் அவளைப் பார்த்தார். "தொண்டை கட்டியிருக்கா?"

"கொஞ்சம்."

"பரவாயில்ல, நீங்க பேச வேண்டாம். நான் அஞ்சாறு தடவை வந்தவ. எல்லாம் நான் சொல்லித் தரேன், நீங்க என்கூடவே வாங்க." சொன்னதோடு நிற்கவில்லை, சொல்லிக்கொடுக்கவும் தொடங்கிவிட்டார். முதலில் வெளிக் கோவில், பிறகுதான் உள் கோவில். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுப் போவது அரைகுறை யாத்திரை. வெளிக் கோவிலில் பாதையின் இடப்பக்கம் நடக்கவேண்டும், உள் கோவிலில் வலப்பக்கம். ஹிசாயோவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை வருஷமும் கால் போன பக்கம் நடந்திருக்கிறாளே!

வெளிக் கோவிலில் வழிகாட்டிப் பெண் கன்னா மஞ்சள் கொடியைத் தூக்கிப் பிடித்தாள். ஹிசாயோ இடப்பக்கமாக, கொடிக்குப் பின்னால், நெஞ்சில் சுற்றுலாக்காரர்களின் வட்டச் சீட்டு குத்திக்கொண்டு நடந்தாள். தேவதாரு மரங்களுக்கிடையே வெயில் சாய்ந்து விழுந்தது. காலடியில் சரளைக்கல் நறநறத்தது. யாருக்கும் தட்டு வைக்க வேண்டாம், யாருக்கும் மேஜை துடைக்க வேண்டாம். நடக்க நடக்க அவளுக்குத் தோள் இரண்டும் இறங்கி லேசானது.

வெளியே வரும்போது ஸ்கூட்டர் ஒன்று கிரீச்சிட்டு நின்றது. மீன்காரர் ஷிராக்கி.

"ஹிசாயோ சான்! என்ன இது கோலம்? கண்ணுல ஆபரேஷனா?"

ஹிசாயோ திரும்பாமல் நடந்தாள். ஷிராக்கி காலால் தரையை உந்தியபடி ஸ்கூட்டரோடு கூடவே வந்தார்.

"ஏம்மா, உன்னைத்தான்! அந்த வாத்து நடை எனக்குத் தெரியாதா?"

"ஆள் மாறிப்போச்சு ம்யா" என்றாள் ஹிசாயோ, முகமூடிக்குள்ளிருந்து.

ஷிராக்கி வாயைப் பிளந்தபடி நின்றுவிட்டார். "யாருங்க அது?" என்று மிசுனோ அம்மாள் கேட்க, "தெரியலையே, இந்த ஊர்க்காரங்க ஒரு மாதிரிதான் போல" என்றாள் ஹிசாயோ. சொன்னதும் ஊருக்கே துரோகம் செய்துவிட்டதுபோல் இருந்தது.

உள் கோவிலுக்குப் போனபோது கூட்டம் சேர்ந்துவிட்டது. உஜி பாலத்தின் மரப்பலகையில் எல்லாரும் வலப்பக்கமாகப் போனார்கள். இசுசு ஆற்றங்கரையில் மேப்பிள் இலைகள் செக்கச்செவேலென்று இருந்தன. கல்படி ஏறி மேலே போனால் ஒரு வேலி, ஒரு வாசல், வாசலில் ஒரு வெள்ளைத் திரை. அவ்வளவுதான். பஸ்ஸில் வந்த ஓகியாமா என்ற பெரியவர், போகிற இடமெல்லாம் குறை கண்டுகொண்டு வந்தவர், "ரெண்டு மணி நேரம் வண்டியில குலுங்கி வந்தது ஒரு துணியைப் பாக்கவா?" என்று உரக்கவே கேட்டார். அந்த நேரம் பார்த்துக் காற்றடித்துத் திரை கொஞ்சம் தூக்கியது. கூட்டம் மொத்தமும் எக்கிப் பார்த்தது. உள்ளே இன்னொரு வேலி தெரிந்தது.

மிசுனோ அம்மாள் ஹிசாயோவின் காதில் கிசுகிசுத்தார். "இங்க எதுவும் கேக்கக்கூடாது. நன்றி மட்டும்தான். கேக்கறதுக்குப் பின்னாடி தனிக் கோவில் இருக்கு, அங்க வெச்சுக்கங்க."

ஹிசாயோ கேட்பதற்கு மட்டுமே தயாராக வந்திருந்தாள். முழங்கால் வலி, கூரை ஒழுகல், அப்புறம் யாருக்கும் சொல்லமுடியாத ஒரு வேண்டுதல், அது அவள் ஓரகத்தி நோரியேயின் வியாபாரம் சம்பந்தப்பட்டது. இருமுறை குனிந்து, இருமுறை கைதட்டி, கண்ணை மூடினாள். நன்றி சொல்ல என்ன இருக்கிறது? முதலில் ஒன்றும் அகப்படவில்லை. அப்புறம் மகள் ஞாபகம் வந்தது. பிறகு அடுப்பு. பழைய அடுப்புதான், ஆனாலும் ஒருநாளும் காலை வாரியதில்லை. தமோட்சு குறட்டை விட்டாலும் பக்கத்தில் படுத்துத்தானே விடுகிறார். காலையில் சாப்பிட்ட ஆரஞ்சு நல்ல இனிப்பு. ஒன்றை இழுத்தால் ஒன்று வந்துகொண்டே இருந்தது.

"என்னங்க, இன்னும் முடியலையா?" மிசுனோ அம்மாள் முழங்கையால் இடித்தார். "பின்னாடி ஊரே நிக்குது."

ஹிசாயோ அவசரமாக மூக்கைச் சிந்திக்கொண்டு நகர்ந்தாள். பின்னால் இருக்கிற கேட்கும் கோவிலில் கேட்பதற்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. முழங்காலை மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

திரும்பிப் பாலத்தருகே வந்ததும் கன்னா கொடியை ஆட்டினாள். "எல்லாருக்கும் பசிக்குமே! மதியச் சாப்பாடு கோவில் முன்வீதியில பேர்போன இசே உதோன். ஹாஷிசுமே தலைமைக் கடைக்குப் போறோம்!"

ஹிசாயோவின் கால் அங்கேயே நின்றுவிட்டது.

ஹாஷிசுமே என்பது அவள் புகுந்த வீட்டுப் பெயர். முன்வீதியில் இருக்கும் பெரிய கடை தமோட்சுவின் அண்ணன் சுனெயோஷியுடையது. மாமனார் போனபிறகு அண்ணன் பெண்டாட்டி நோரியே பெயர்ப்பலகையை மாற்றி 'தலைமைக் கடை' என்று எழுதிவைத்தாள். கிளை எது என்று யாரும் கேட்கவில்லை, ஆனால் ஊரில் ஹாஷிசுமே கடை இரண்டே இரண்டுதான். அந்த எரிச்சல் ஆறுவதற்குள் மாமனாரின் முதலாண்டுத் திதி விருந்து வந்தது. அங்கே உறவுக்காரர்கள் முன்னால் நோரியே சிரித்துக்கொண்டே, "தமோட்சு கடை உதோன் வெந்துச்சா, இல்ல அடுப்புமேல ஹிசாயோ தூங்கிட்டாளான்னே தெரியாது" என்றாள். ஹிசாயோவும் சும்மா இருக்கவில்லை. "உங்க கடைச் சாறு சோயாவா, சாக்கடையான்னு அதுவும்தான் தெரியாது" என்றாள். அதோடு பேச்சு அறுந்தது. பத்து வருஷத்துக்கும் மேலாகிறது. முன்வீதிக்கு ஏதாவது வேலையாகப் போனாலும் அந்தக் கடை வரும்போது ஹிசாயோ எதிர்ப்பக்கத்துக் காலணிக் கடையைப் பார்த்துக்கொண்டே நடப்பாள்.

"எனக்கு வயித்து வலி ம்யா. நான் பஸ்ஸிலேயே இருக்கேன்" என்றாள் இப்போது.

"சூடா உதோன் உள்ளே போனா எல்லாம் சரியாயிடும்" என்று மிசுனோ அம்மாள் கைப்பையிலிருந்து மாத்திரை எடுத்து அவள் வாயில் போட்டு, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். எழுபது வயதுக்கு அது இரும்புப் பிடி.

கடையில் பஸ் கூட்டத்துக்கென்று நீளமான மேஜை போட்டிருந்தார்கள். ஹிசாயோ தூண் மறைவில் உட்கார்ந்தாள். நோரியே வந்தாள். ஆள் இன்னும் பருத்திருந்தாள், தலை நன்றாக நரைத்திருந்தது. அதே தொண்டை. "வாங்க வாங்க, தூரத்திலேர்ந்து வந்திருக்கீங்க!" ஹிசாயோ கிண்ணத்துக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அப்படியே இருக்க, முகமூடியின் கீழ்விளிம்பை ஒரு விரலால் தூக்கி அந்த இடுக்கு வழியாக உதோனை உறிஞ்சினாள். பக்கத்திலிருந்தவர்கள் பார்க்கத் தொடங்கினார்கள்.

நன்றாக இருந்தது. அதுதான் அவளால் பொறுக்கமுடியாததாக இருந்தது. குண்டு குண்டான வெள்ளை உதோன், நாக்கில் வைத்ததும் வழிவிட்டு இறங்கியது. கறுத்த சாறு பார்வைக்குத்தான் பயங்கரம், ருசியில் மிதமான இனிப்பு. மாமனார் கைப்பக்குவம் அப்படியே. அவள் கடையிலும் இதே ருசிதான்.

அப்போதுதான் ஓகியாமா கிண்ணத்தைத் தள்ளிவைத்தார்.

"ஏம்மா, இங்க வா. இது என்னது? நூலைத் தண்ணியில ஊறப்போட்டுக் கொடுத்திருக்கியா?"

நோரியே குனிந்தாள். "மன்னிக்கணுங்க. இசே உதோன் இப்படித்தான்..."

"உதோன்னா பல்லுக்கு வேலை கொடுக்கணும். எங்க நகோயாவுல மிசோ உதோன் இருக்கே, கடிச்சா திருப்பிக் கடிக்கும். இது பல்லில்லாதவங்களுக்குப் போடற கஞ்சி!"

நோரியே மறுபடி குனிந்தாள். வாடிக்கையாளரிடம் எதிர்ப்பேச்சு கிடையாது, வியாபாரம். ஆனால் அவள் கழுத்து சிவந்ததை ஹிசாயோ பார்த்தாள். தானும் எத்தனையோ முறை இப்படிக் குனிந்து நின்றிருக்கிறாள்.

"அடுப்புல வெச்சு மறந்துட்டுத் தூங்கிட்டியா?" என்றார் ஓகியாமா.

ஹிசாயோ எழுந்த வேகத்தில் தொப்பி பறந்தது. முகமூடியைக் கழற்றி மேஜைமேல் எறிந்தாள்.

"யாருய்யா தூங்கறது? ஒரு மணி நேரம் கொதிக்கற அண்டா முன்னாடி நின்னு கிண்டிப் பாரு, தூக்கம் வருதான்னு! உங்க ஊர் உதோனைக் கடிச்சுத்தான் என் மருமகன் பல்லு உடைஞ்சுது, அதுக்கு யாரு பதில் சொல்றது? நடந்தே வந்த யாத்திரைக்காரங்க, களைச்சுப்போய் வயிறு ஒட்டி வந்தவங்க, மெல்லக்கூடத் தெம்பில்லாதவங்க, அவங்களுக்காகப் பண்ணது இது. சாமி பாக்க வந்த இடத்துல உன் பல்லோட வீரத்தைக் காட்டறியே! இது எங்க அக்கா கடை. எங்க மாமனார் கைப்பக்குவம். பிடிக்கலைன்னா கிண்ணத்தை இப்படி நகர்த்து, நான் சாப்பிடறேன்!"

அந்த 'ம்யா'ப் பூனை எங்கேயோ ஓடிப்போயிருந்தது. பேசியது அப்பட்டமான இசேப் பேச்சு.

"ஹிசாயோ?" என்றாள் நோரியே.

அந்த நேரம் சமையலறைத் திரை விலகியது. கையில் குச்சிகளோடு, வாயிலிருந்து ஒரு முழ உதோன் தொங்க, ஒரு ஆள் எட்டிப்பார்த்தார். அவர் தோளுக்கு மேலே அண்ணன் சுனெயோஷியின் வழுக்கை தெரிந்தது.

உதோனை உறிஞ்சி முடித்துவிட்டுத் தமோட்சு கேட்டார். "நீ நகோயாவுல இல்ல?"

"நீங்க கடல்ல இல்ல?" என்றாள் ஹிசாயோ.

எத்தனை வியாழக்கிழமை! தூண்டிலைத் தூக்கிக்கொண்டு போனவர் ஒரு நெத்திலிகூடக் கொண்டுவந்ததில்லை. "இன்னிக்கு அலை சரியில்ல" என்பார். கடலையே சந்தேகப்பட்டாளே தவிர, புருஷனைச் சந்தேகப்பட ஹிசாயோவுக்குத் தோன்றவில்லை.

"வாராவாரம் இங்கதான் சாப்பிடறார்" என்றாள் நோரியே, குரல் தணிந்து. "வாராவாரம் நானும் 'ஹிசாயோ எப்படி இருக்கா, முழங்கால் எப்படி இருக்கு, ஒரு நாள் கூட்டிட்டு வாங்களேன்'னு சொல்லி அனுப்பறேன். நீ ஒரு வார்த்தை திருப்பி விசாரிக்கலை. எனக்கும் கோவம் வராதா?"

"எங்கிட்ட அவர் ஒண்ணுமே சொல்லலையே அக்கா!"

ஓரகத்திகள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சமையலறைப் பக்கம் திரும்பினார்கள். தமோட்சு அண்ணன் முதுகுக்குப் பின்னால் போக முயன்றார், அண்ணன் தம்பி முதுகைத் தேடிக்கொண்டிருந்தார்.

"அது வந்து... நீங்க ரெண்டு பேரும் சேந்துட்டா..." என்று இழுத்தார் தமோட்சு. "வியாழக்கிழமை எங்களைத் தனியா விடுவீங்களா? உக்காந்து ரெண்டு கிளாஸ் சாக்கே குடிக்கறோம், செஸ் காய் நகத்தறோம். நிம்மதியா இருக்கு."

பஸ்ஸில் வந்த பெண்கள் பக்கமிருந்து ஒரு பெரிய "ஓஹோ!" எழுந்தது. சாப்பாட்டை மறந்து எல்லாரும் இவர்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்கள். கோவிலில் திரைக்குப் பின்னால் ஒன்றும் காணாதவர்களுக்கு இங்கே திரை விலகிக் காட்சி கிடைத்துவிட்டது.

"ஒரு நிமிஷம்" என்றார் மிசுனோ அம்மாள். அவர் முகம்தான் வாடியிருந்தது. "நீங்க இசேக்காரங்களா? காலைலேர்ந்து உங்களுக்குப் போய் நான் இசேயைப் பத்திப் பாடம் எடுத்தேனே! உள்ளுக்குள்ள சிரிச்சிருப்பீங்க."

ஹிசாயோ அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "சத்தியமா இல்லம்மா. நீங்க சொன்னதுல பாதி எனக்குத் தெரியாது. எந்தப் பக்கம் நடக்கறதுன்னே இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. நீங்க இல்லைன்னா அங்க போய் ரூஃப் ஒழுகுதுன்னு புகார் சொல்லிட்டு வந்திருப்பேன்."

"அப்ப அந்த ம்யா?"

"அதை மறந்துடுங்க."

"மறக்க முடியாது. நாங்க யாரும் அப்படிப் பேசறதில்ல" என்றார் மிசுனோ அம்மாள் விறைப்பாக. பிறகு அவர் உதடு கோணி, தோள் குலுங்கத் தொடங்கியது. அவரோடு சேர்ந்து மேஜையே சிரித்தது. கன்னாவுக்கு மட்டும் கவலை. இசேயிலிருந்து நகோயாவுக்குப் போய் இசேக்கு வந்தவரை என்ன செய்வதென்று அவளுக்கு யாரும் பயிற்சி கொடுத்திருக்கவில்லை.

ஓகியாமா கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார். "மெல்ல வேண்டியதே இல்லாததால வாய் சும்மா இருந்துது. அதான் பேசிட்டேன்" என்று முனகிவிட்டு, மிச்சத்தைச் சாறோடு குடித்து முடித்தார்.

"சரி, வா வீட்டுக்குப் போகலாம்" என்றார் தமோட்சு, எந்தப் பக்கமும் பார்க்காமல்.

"எதுக்கு? இன்னும் ஃபுதாமி கடற்கரை பாக்கி இருக்கு. டிக்கெட்ல போட்டிருக்கு" என்றாள் ஹிசாயோ.

நோரியே ஏப்ரனை அவிழ்த்தாள். "வண்டியில எடம் இருக்கா?" என்று கன்னாவைக் கேட்டாள். இரண்டு பேர் வராததால் இடமிருந்தது. விதியில் இடமிருக்கிறதா என்று கன்னா யோசிப்பதற்குள் பஸ்ஸில் வந்த பெண்கள் நோரியேயைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். போகிறபோக்கில் அவள் திரும்பிச் சொன்னாள்: "அண்ணனும் தம்பியும் நாப்பது கிண்ணத்தையும் கழுவிக் கவுத்துங்க. நிம்மதியா இருக்கும்."

ஃபுதாமியில் காற்று அடி அடியென்று அடித்தது. கடலுக்குள் பெரிய பாறையும் சின்னப் பாறையுமாக இரண்டு, புருஷன் பெண்டாட்டி என்று சொல்லித் தடித்த வைக்கோல் கயிற்றால் கட்டிவைத்திருந்தார்கள். இளசுகள் ஜோடி ஜோடியாகப் படமெடுத்துக்கொண்டார்கள். ஓரகத்திகள் இரண்டு பேரும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பார்த்தார்கள். பக்கத்தில் இருந்தும் இரண்டு பேருமே இங்கே வந்து காலம் ஆகியிருந்தது.

"கல்யாணம் பண்ணினப்ப வந்தேன். அப்ப பெரிய பாறை இன்னும் பெரிசா இருந்த மாதிரி ஞாபகம்" என்றாள் நோரியே.

"பாறை அப்படியேதான் இருக்கு அக்கா. நாமதான் பெருத்துட்டோம்."

"நாம இல்ல, நீ. நான் எலும்பு கனம்."

பஸ் நகோயாவுக்குத் திரும்பும்போது ஹிசாயோ ஏறவில்லை. மிசுனோ அம்மாள் மிச்சமிருந்த ஆரஞ்சையெல்லாம் அவள் கையில் திணித்து, வசந்தத்தில் வருவேன், வந்தால் உன் வீட்டில்தான் தங்குவேன், உதோன் எனக்கும் கொஞ்சம் குழைவுதான், ஆனால் மரியாதைக்குச் சாப்பிட்டேன் என்று ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடியே வந்தார், பத்து நாள் தங்கினார், அது வேறு கதை. தமோட்சுவின் வியாழக்கிழமையும் ஒழிந்துபோகவில்லை. இப்போது நால்வரும் உட்காருகிறார்கள், ஆண்கள் இருவரும் முன்போல வாய் திறப்பதில்லை, அவ்வளவுதான்.

அன்று பஸ் போனபிறகு இரண்டு பெண்களும் ஃபுதாமியின் சின்ன ரயில் நிலையத்துக்கு நடந்தார்கள். நடைமேடையில் வேறு யாருமில்லை. ஆரஞ்சை உரித்தபடி நோரியே, "மாமாவுக்கு உதோன்மேல வெங்காயத்தாள் தூவினாப் பிடிக்காது" என்றாள், ஏதோ ஞாபகத்தில்.

"பிடிக்காதா? எங்க கடைக்கு வந்தா கைப்பிடி கைப்பிடியாக் கேட்டு வாங்குவார்."

"உன் சாறோட ருசியை மறைக்கக் கேட்டிருப்பார்."

"என்னது?" ஹிசாயோ பையைக் கீழே வைத்தாள்.

குரல் ஏறியது. மாமனாரின் வெங்காயத்தாளிலிருந்து மாமியாரின் ஊறுகாய்க்குப் போய், அங்கிருந்து யார் கல்யாணத்தில் யார் என்ன சொன்னார்கள் என்பதுவரை போய்விட்டது. ரயில் வந்து நின்றது, கதவு திறந்தது, கண்டக்டர் தலையை நீட்டி இரண்டு தடவை கூப்பிட்டும் பார்த்தார். பதில் வராததால் விசிலடித்துவிட்டுக் கிளம்பினார். கடைசிப் பெட்டி நடைமேடையைத் தாண்டும்போதும் ஹிசாயோ ஒரு விரலை நீட்டி, "அப்ப அந்த ஊறுகாய்ச் சாடிமேல வெக்கற கல்லை யாரு எடுத்துட்டுப் போனது, அதைச் சொல்லுங்க முதல்ல" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த ரயிலுக்கு இன்னும் வெகு நேரம் இருந்தது.